மருந்தாளுநர் சேவையும் போன் வழி மருந்துக் கவனிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். வார்டிலும், ஊர்க் கூட்டங்களிலும், இந்தச் சேவையைப் புதிதாகத் தொடங்கும் ஆஸ்பத்திரிக்காரர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். முன்பாதி நோயாளிக்கும் வீட்டாருக்கும். பின்பாதி சேவையை நடத்துகிறவர்களுக்கும், அது உருப்படியாக நடக்கிறதா என்று மதிப்பிட வேண்டியவர்களுக்கும். நோயாளிகளும் பின்பாதியைப் படிக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை முதலில் உங்களுக்குத்தான்.

1. மெடிக்கல்ல மாத்திரை எடுத்துக் குடுக்கறவரும் நீங்க சொல்ற கிளினிக்கல் பார்மசிஸ்ட்டும் ஒண்ணுதானுங்களா?

படிப்பு ஒரே வகை, வேலை வேறு. கடையில் இருக்கும் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துச் சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்துத் தருகிறார். 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்குத்தான் அதிகாரம். கிளினிக்கல் பார்மசிஸ்ட் அந்த மருந்தைச் சாப்பிடுகிற ஆளைப் பார்க்கிறார். இந்த வயசுக்கு, இந்தக் கிட்னிக்கு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா, வீட்டுக்குப் போன பிறகு சரியாகச் சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது கடை மருந்தாளுநரின் கடமையும்கூட. 2015ல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "இது எதுக்குங்க, எப்பச் சாப்பிடோணும், எதோட சேரக்கூடாது" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

2. பார்ம்.டி. படிச்சவங்க பேருக்கு முன்னால டாக்டர்னு போடறாங்களே, அவங்க வைத்தியம் பார்ப்பாங்களா?

பார்க்க மாட்டார்கள். பார்ம்.டி. 2008ல் இந்தியாவில் தொடங்கிய ஆறு வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சி. கோவை, ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு என்று நம் பக்கமே இதைச் சொல்லித்தரும் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வருகிறவர்களுக்கு மருந்தைப் பற்றி ஆழமாகத் தெரியும். நோயைக் கண்டுபிடிப்பதும் புது மருந்து எழுதுவதும் மருத்துவர் வேலை. இத்தனை பிள்ளைகள் படித்தும் அவர்களை வார்டில் வேலைக்கு வைக்கும் ஆஸ்பத்திரிகள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

3. டாக்டரே பார்த்து எழுதிட்டாருங்க. அதுக்கு மேல நீங்க என்னத்தப் பார்க்கறது?

டாக்டர் கண்ணில் படாததை அவர் கண்ணில் படவைப்பதுதான் வேலை. நம்மாட்கள் நெஞ்சுக்குக் கோவை, சுகருக்கு ஈரோடு, முழங்கால் வலிக்கு உள்ளூர் கிளினிக், தலைசுற்றலுக்கு மெடிக்கல் என்று நாலு இடம் போகிறார்கள். நாலு பேரும் அவரவர் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். நாலும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. யாராவது ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாக வேண்டும்.

வார்டில் நாங்கள் தேடுவது இந்த மாதிரி விஷயங்கள்: கிரியேட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறிய பிறகும் பழைய அளவிலேயே போகும் ஆன்டிபயாட்டிக், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்குப் புதிதாகச் சேர்ந்து ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும் மருந்து, மூட்டுவாதத்துக்கு வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட வேண்டிய மெதோட்ரெக்சேட்டை தினமும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் நகலெடுத்திருப்பது. கடைசியாகச் சொன்னது ஆளையே கொன்றுவிடும். ஒரு வரியைத் திருத்தினால் தப்பிக்கிற உயிர் அது.

4. மாத்திரைப் பையை அப்படியே கொண்டாந்து கொட்டச் சொல்றீங்களே, எதுக்குங்க? சீட்டுத்தான் இருக்குதே?

சீட்டில் இருப்பது வேறு, பையில் இருப்பது வேறு. வழக்கமாக வரும் ஒரு பையைச் சொல்கிறேன். மஞ்சப்பையைக் கட்டில் மேல் கொட்டினால், கோவையில் பிரஷருக்கு எழுதிய டெல்மிசார்டன் ஓர் அட்டை. உள்ளூரில் எழுதிய டெல்மிசார்டன்–அம்லோடிபின் கூட்டு மாத்திரை இன்னோர் அட்டை. கம்பெனி வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பதில் ஒன்று அதே மருந்து. இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "வெடியால எந்திரிச்சா கண்ணைக் கட்டுதுங்க" என்பார். அந்தத் தலைசுற்றலுக்கு வாங்கிய மாத்திரை மூன்றாவது அட்டையாக அங்கேயே கிடக்கும்.

அப்புறம் ஓரத்தில் கத்தரியால் வெட்டிய நாலு மாத்திரை. பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. "அது கால்வலிக்குங்க, கடையில குடுத்தது." வலி மாத்திரைகளில் இருக்கும் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் போன்றவை டெல்மிசார்டனோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் கிட்னி அடிவாங்கும். வெயிலில் மஞ்சள் வெட்டிவிட்டுத் தண்ணீர் சரியாகக் குடிக்காத நாளில் இன்னும் மோசம். பையின் அடியில் தைராய்டு மாத்திரை. எப்போது சாப்பிடுகிறீர்கள் என்றால் காபியோடு, கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் என்பார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. இது தெரியாமல் "டோஸ் பத்தலை" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போன ஆட்கள் நிறைய.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பையோடு போய்க் கேளுங்கள்.

5. நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடறேன். அதையும் சொல்லோணுங்களா?

கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் திட்டுவார்கள் என்று மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது. சிறுகுறிஞ்சான் பொடி சர்க்கரையைக் குறைக்கும். சுகர் மாத்திரையான கிளிமெபிரைடும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து, சோறும் தள்ளிப்போனால் சுகர் தாழ்ந்து மயக்கம் வரலாம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பெயர் தெரியாத பொடியாக இருந்தால் பொட்டலத்தையே கொண்டுவாருங்கள்.

6. போன்ல மருந்துக் கவனிப்புங்கறது, ஆப்புல மருந்து வாங்கறதுதானே?

இந்தக் குழப்பம்தான் மற்றெல்லாக் குழப்பத்துக்கும் வேர். மருந்தை வீட்டுக்கு அனுப்புவது டெலிவரி. தூரத்தில் இருக்கிற ஒருவர் மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறாரா, அது அவருக்கு ஒத்துப்போகிறதா என்று மருந்தாளுநர் போனிலோ வீடியோவிலோ தொடர்ந்து கவனிப்பது வேறு வேலை. டெல்மிசார்டன் இரண்டு அட்டையையும் ஆப் பத்திரமாக வீட்டு வாசலில் சேர்த்துவிடும். இரண்டும் ஒன்று என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவை 1942லேயே ஆளரவமற்ற பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகளை வைத்துவிட்டு, எண் போட்ட மருந்துகளில் எதைச் சாப்பிடுவது என்று வானொலியில் சொல்லத் தொடங்கியது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் சின்ன ஊர் மருந்துக் கடைகள் மூடிக்கொண்டே போனபோது, 2001ல் விதியை மாற்றி, மருந்தாளுநர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் சரிபார்த்து நோயாளியோடு பேசவும் வழி செய்தார்கள்.

7. நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு மெடிக்கல் இருக்குதுங்க. தூரத்துச் சேவை எதுக்கு?

கடை இருக்கிறது. உட்கார்ந்து பேச மருந்தாளுநருக்கு நேரம்தான் இல்லை. வடக்கு டகோட்டாவின் பிரச்சினை கடை இல்லாதது. சமவெளியில் நம் பிரச்சினை வேறு. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்காரருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனி ஆளுக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அரை நாள் அங்கே காத்திருந்தால் ஒரு ஷிஃப்ட் கூலி போய்விடும். அதனால் மாத்திரை தீர்ந்தாலும் போக மாட்டார். நைட் ஷிஃப்ட்காரருக்கு "காலை–இரவு" என்று எழுதிய சீட்டே பொருந்தாது. அவருக்கு எது காலை என்று யாராவது கேட்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகு வருகிற பத்து நிமிட போன் இங்கே பெரிய உதவி.

மலையில் கதையே வேறு. தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வர திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும், இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 வளைவு, கொல்லிமலைக்கு 70. தாளவாடிக்காரர்கள் பலர் பக்கத்தில் இருக்கிற சாம்ராஜ்நகருக்குப் போய்விடுகிறார்கள். ஒரே வீட்டில் கர்நாடகச் சீட்டும் தமிழ்நாட்டுச் சீட்டும் இருக்கும், பிராண்டு பெயர்கள் வேறு வேறாக இருக்கும். 4ஆம் கேள்வியில் சொன்ன இரட்டை மாத்திரைப் பிரச்சினை அங்கே இன்னும் சுலபமாக நடக்கும். அதைச் சொல்ல மலை இறங்கி வா என்பது நியாயமில்லை.

8. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுக்கறாங்களே, அது போதாதுங்களா?

மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருவதால், மாத்திரை இல்லாமல் விட்டுப்போவது குறைகிறது. பெரும் பாரத்தை அந்தத் தன்னார்வலர் பெண்கள் சுமக்கிறார்கள்.

ஆனால் அரசு மாத்திரையோடு தனியார் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிற வீட்டில், எது எதோடு மோதும் என்று அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. என் விருப்பம் இதுதான்: தன்னார்வலர் வீட்டுக்குப் போகும் நேரத்தில் மறுமுனையில் ஒரு மருந்தாளுநர் இருக்க வேண்டும். தன்னார்வலர் பையைக் கொட்டி போனில் காட்டுவார், மருந்தாளுநர் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பேசுவார். போன் வழிக் கவனிப்பு கொங்கு நாட்டில் வேர் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

9. போன்ல என்னத்தத் தெரிஞ்சுக்க முடியும்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

இன்சுலின் போடும் அம்மா ஒருவர். அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், சுகர் இறங்கவே இல்லை. வீடியோவில் இப்படிப் போகும் பேச்சு: "அம்மா, ஊசியோட மூடி என்ன கலருங்க?" "ஆரஞ்சுங்க கண்ணு." "மருந்து பாட்டில்ல 40னு போட்டிருக்குதா, 100னு போட்டிருக்குதா பாருங்க." "நாப்பதுங்க."

அங்கேயே விடை கிடைத்துவிட்டது. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் மருந்துக்கானது. 40 மருந்தை ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். தலைகீழாக, 100 மருந்தைச் சிவப்பு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும், அது உயிருக்கே ஆபத்து. இந்த அம்மாவின் பேச்சு இதோடும் முடியாது. கூட்டி வைத்த அளவை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மட்டும் மாற்றினால் சுகர் தடாலென்று இறங்கிவிடும். அதனால் அப்போதே டாக்டரைத் தொடர்பு கொண்டு புது அளவு வாங்கித் தந்த பிறகுதான் போனை வைக்க வேண்டும்.

10. போன் வரும்போது நாங்க என்ன எடுத்து வெச்சுக்கோணும்?

எல்லா மாத்திரையும் (தீர்ந்த அட்டை உட்பட), எல்லாச் சீட்டும், கடைசி ரத்தப் பரிசோதனை, வீட்டில் பிரஷர், சுகர் பார்த்திருந்தால் அந்தக் குறிப்பு. மாத்திரை எடுத்து வைக்கிற ஆள் மருமகளாகவோ பேரனாகவோ இருந்தால் அவர்களும் பக்கத்தில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத மலையில் வீடியோ வேண்டுமென்று அடம்பிடிக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொன்னாலே பாதி வேலை ஆகிவிடும்.

11. போன்லயே முடிச்சுக்கக் கூடாதது எதுங்க?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கைகால் விழுவது, சுகர் இறங்கி நினைவு தப்புவது, மருந்து போட்டதும் முகமும் நாக்கும் வீங்குவது: எங்களுக்கு போன் போட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பூச்சிமருந்து உடம்பில் பட்டாலும் உள்ளே போனாலும் அப்படியே, டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

12. இதுக்குச் சட்டம் இருக்குதுங்களா?

டாக்டர்களுக்கு இருக்கிறது. 2020 மார்ச் 25ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல் எதைப் போனில் எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று பட்டியலே தருகிறது. போன், வீடியோ வழியாக டாக்டரிடம் பேச அரசு நடத்தும் இ–சஞ்சீவனி அந்த வழியில் நடக்கிறது. மருந்தாளுநரின் தூரத்துக் கவனிப்புக்கென்று அப்படித் தனி வழிகாட்டுதல் இல்லை. இணைய மருந்து விற்பனைக்கு 2018ல் வெளியான வரைவு விதிகளும் வெகுகாலமாக வரைவாகவே நிற்கின்றன.

அதனால் நாங்கள் கோட்டைத் தாண்டுவதில்லை. விளக்குவது, சரிபார்ப்பது, நினைவூட்டுவது, டாக்டருக்குத் தெரியப்படுத்துவது எல்லாம் மருந்தாளுநர் கடமைக்குள் வருபவை. மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் டாக்டர் சொன்ன பிறகே. போனில் பேசினோம் என்பதற்காக ஹெச்1 பட்டியல் மருந்தை (சில ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை போன்றவை) சீட்டில்லாமல் யாரும் தர முடியாது. 2014 மார்ச் முதல் அவற்றை விற்கும்போது நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

13. போன் மகன்கிட்ட இருக்குது. எங்க சங்கதியெல்லாம் அவங்ககிட்டச் சொல்லிடுவீங்களா?

சொல்லக் கூடாது. யார் பேசுகிறார் என்று உறுதிசெய்யாமல் மருந்தின் பெயரைக்கூட வாயில் எடுக்கக் கூடாது. மனநோய் மாத்திரை, ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து, காசநோய் மருந்து, கருத்தடை மாத்திரை விஷயத்தில் "ஆஸ்பத்திரியிலிருந்து பேசினோம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டும். முதல் சந்திப்பிலேயே யாரிடம் பேசலாம் என்று உங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

14. எங்க கம்பெனியில பீகார், ஒடிசா ஆளுங்கதான் ஜாஸ்தி. அவங்களுக்கு யார் சொல்றது?

போன் வழிக் கவனிப்பு நேர்ப் பேச்சைவிட மேலாக இருக்கும் இடம் இது. இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒரு மருந்தாளுநர் ஓரிடத்தில் இருந்துகொண்டு திருப்பூர், அவிநாசி, பெருந்துறை மூன்றுக்கும் பேசலாம். தாளவாடிக்குக் கன்னடமும் அப்படித்தான். சூப்பர்வைசரை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் தொழிலாளி பாதியை மறைப்பார்.

15. இதுக்குத் தனியா காசு குடுக்கோணுங்களா?

பெரும்பாலான இடங்களில் தனிக் கட்டணம் இல்லை. அதுதான் நோயாளிக்கு நல்லது, சேவையின் ஆயுளுக்குக் கெட்டது. வருமானம் காட்டாத சேவையை முதல் நெருக்கடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்து வரும் மதிப்பீட்டுக் கேள்விகள் முக்கியம்.

16. நாங்க ஆஸ்பத்திரியில இந்தச் சேவையை ஆரம்பிச்சு ஒரு வருசம் ஆச்சுங்க. நல்லா நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

மூன்று அடுக்காகப் பாருங்கள். மருத்துவச் சேவையின் தரத்தை அளக்க 1966ல் டொனாபெடியன் என்ற ஆய்வாளர் வகுத்துத் தந்த முறை, இன்றைக்கும் பழுதில்லை. ஒன்று, அமைப்பு: பேசத் தனி இடம் உண்டா, பரிசோதனை முடிவுகள் மருந்தாளுநர் கண்ணுக்கு வருமா, டாக்டரை உடனே பிடிக்க முடியுமா? இரண்டு, செய்முறை: அட்மிட் ஆனவர்களில் எத்தனை பேருக்குப் பழைய மாத்திரைப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேரிடம் பேசினார்கள்? மூன்று, விளைவு: நோயாளிக்கு என்ன ஆனது?

முதல் இரண்டையும் எண்ணுவது சுலபம் என்பதால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதற்குச் சில நேரான அளவுகள் உண்டு. மாத்திரை கைவசம் இருந்த நாட்களின் விகிதம் ஒன்று. 180 நாளில் குறைந்தது 144 நாளுக்கு மாத்திரை வாங்கியிருந்தால் 80 சதவீதம், வழக்கமாக அதைத்தான் சரியாகச் சாப்பிடுவதற்கு எல்லையாக வைக்கிறார்கள். மாத்திரை வாங்கியது சாப்பிட்டதாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று மாத சுகர் சராசரி, பிரஷர், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) எல்லைக்குள் இருந்ததா, 30 நாளுக்குள் மருந்துக் கோளாறால் திரும்ப அட்மிட் ஆனாரா என்பவை மற்றவை.

17. மாசாமாசம் "இத்தனை இன்டர்வென்ஷன், டாக்டர்கள் 90 சதவீதம் ஏத்துக்கிட்டாங்க"ன்னு ரிப்போர்ட் வருதுங்க. அது போதாதா?

போதாது. இன்டர்வென்ஷன், அதாவது தலையீடு என்பது மருந்தில் கோளாறைப் பார்த்து மருந்தாளுநர் டாக்டரிடம் சொல்லும் திருத்தம். எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்று கணக்குச் சொல்கிற மாதிரி அது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வளரும். "உணவுக்குப் பின் என்று சேர்க்கவும்" என்கிற மாதிரிச் சின்னத் திருத்தங்களைக் குவித்தால் ஏற்பு விகிதம் தானாக ஏறும். மெதோட்ரெக்சேட் பிழையைப் பிடித்ததும் அதே ஒன்றாகவே எண்ணப்படும்.

ஒவ்வொரு தலையீட்டையும் கடுமை வாரியாகப் பிரியுங்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, அதைச் செய்த மருந்தாளுநர் தீர்மானிக்கக் கூடாது. சம்பந்தப்படாத இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் மதிப்பிடட்டும். டாக்டர் ஏற்காதவற்றையும் ஒதுக்காமல் படியுங்கள். சேவையின் பலவீனம் அங்கேதான் தெரியும். சில நேரம் டாக்டர் சொன்னதே சரியாக இருக்கும்.

18. எங்ககிட்ட வந்தவங்களுக்குச் சுகர் நல்லாக் குறைஞ்சிருக்குதுங்க. அது எங்களாலன்னு சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். சுகர் மிக அதிகமாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் சேர்த்திருப்பீர்கள். உச்சத்தில் பிடித்த அளவு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் இறங்கியே இருக்கும். அதே மாதத்தில் டாக்டரும் மருந்தை மாற்றியிருப்பார். அமெரிக்காவின் ஆஷ்வில் நகரத்தில் 1996ல் தொடங்கிய திட்டம் இந்தத் துறையில் ரொம்பப் பேர் பெற்றது. சர்க்கரை நோயுள்ள நகராட்சி ஊழியர்களை மருந்தாளுநர்கள் தொடர்ந்து கவனித்தார்கள், சுகர் குறைந்தது, மொத்த மருத்துவச் செலவும் குறைந்தது. அதன் நீண்டகாலப் பலனைச் சொன்ன ஆய்வும் ஒப்பிடத் தனிக் குழு இல்லாமல் முன்னையும் பின்னையும் பார்த்ததுதான்.

ஒப்பிட ஒரு குழு வேண்டும் என்றால், சேவையைத் தராமல் யாரையும் காக்க வைக்க மனசு வரவில்லை என்பார்கள், நியாயம்தான். ஆனால் இருக்கிற ஆட்களை வைத்து எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது. அந்தியூர், பவானி, கோபி, சத்தி என்று எப்படியும் ஒவ்வொன்றாகத்தான் போவீர்கள். அந்த வரிசையைச் செல்வாக்குப் பார்த்து முடிவு செய்யாமல் குலுக்கிப் போடுங்கள். பின்னால் தொடங்குகிற ஊர், முன்னால் தொடங்கிய ஊருக்கு ஒப்பீடாகிவிடும். யாருக்கும் நட்டமில்லை.

19. நோயாளிங்க எல்லாம் "ரொம்பத் திருப்தி"ன்னுதான் எழுதிக் குடுக்கறாங்க. அதை எடுத்துக்கலாமா?

கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கவனித்த மருந்தாளுநரே படிவத்தை நீட்டினால் இன்னும் சொல்ல மாட்டார்கள். வேறோர் ஆள் ஒரு வாரம் கழித்துப் பேசி, "இந்த மாத்திரை எதுக்குங்க? மறந்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டு அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கட்டும். அந்தப் பதில் திருப்திப் படிவத்தைவிட உண்மையான அளவுகோல்.

20. போன்ல பேசினவங்களுக்கு நேர்ல வந்தவங்களைவிட நல்ல பலன் தெரியுதுங்க. அப்ப போனே போதுமா?

போனை எடுக்காதவர்களை எங்கே வைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். 100 பேரைச் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். 60 பேர் போன் எடுத்தார்கள், அதில் 45 பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. 75 சதவீதம் என்று எழுதுவது தவறு, அது 45 சதவீதம். எடுக்காத 40 பேரில்தான் போன் இல்லாத ஆத்தாவும், காது கேட்காத தாத்தாவும், சிக்னல் இல்லாத பர்கூர் மலை வீடும் இருக்கும். யாருக்காகத் தொடங்கினோமோ அவர்களே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பு நேரில், தொடர்ச்சி போனில், மூன்று தடவை எடுக்காவிட்டால் 8ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி வீட்டுக்குப் போகும் தன்னார்வலர் வழியாக என்று கலந்து செய்வதே என் பரிந்துரை. இன்ஹேலர் உறிஞ்சும் விதத்தையும் முதல் ஊசியையும் நேரில்தான் சொல்லித்தர வேண்டும்.

21. மாத்திரை சாப்பிட்டு உடம்புல ஏதோ ஆச்சுங்க. யாருகிட்டச் சொல்றது, சொன்னா என்ன ஆகும்?

முதலில் எழுதிக் கொடுத்த டாக்டரிடம். அப்புறம் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபினால் கால் வீங்குவது, எனலாப்ரிலால் வறட்டு இருமல் வருவதெல்லாம் தெரிந்த விஷயங்கள், அதற்கு மாற்று மருந்தும் உண்டு. தெரியாத ஒன்று நடந்தால், நீங்கள் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

சேவையை மதிப்பிடுகிறவர்கள் இதையும் பாருங்கள்: நல்ல சேவை தொடங்கிய ஊரில் பக்க விளைவுப் புகார்கள் முதலில் கூடும். கேட்க ஆள் வந்ததால் சொல்கிறார்கள். அதைத் தோல்வியாக எழுதிவிடாதீர்கள்.

22. எங்ககிட்ட ஒரே ஒரு பார்மசிஸ்ட்தான் இருக்காருங்க. யாரிலிருந்து ஆரம்பிக்கறது?

உலக சுகாதார நிறுவனம் 2017ல் மருந்துத் தீங்கைக் குறைக்க அறைகூவல் விடுத்தபோது மூன்று இடங்களைக் குறித்தது: ஆபத்து கூடிய மருந்துகளும் சூழ்நிலைகளும், ஒரே ஆள் பல மருந்து சாப்பிடுவது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கவனிப்பு கைமாறுவது. மூன்றும் ஒரே ஆளிடம் சேரும் நேரம் ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நாள். அங்கிருந்து தொடங்குங்கள். இன்சுலின், வார்ஃபரின், மெதோட்ரெக்சேட் புதிதாகத் தொடங்கியவர்கள், ஐந்து மாத்திரைக்கு மேல் சாப்பிடுகிறவர்கள், திரும்ப வர ஒரு நாள் கூலியோ ஒரு மலைப் பாதையோ செலவாகிறவர்கள் என்று வரிசை வைத்துக்கொள்ளலாம்.

முதல் போன் இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டும். அட்மிட் ஆவதற்கு முன்னால் சாப்பிட்ட பழைய அட்டைகள் வீட்டில் அப்படியே இருக்கும், புதியதோடு சேர்த்து அதையும் எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். "வெடியால என்னென்ன மாத்திரை எடுத்தீங்க, ஒவ்வொண்ணா அட்டையைப் பார்த்துப் படிங்க" என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நிறுத்திய மருந்தின் அட்டைகளைத் தனியாகக் கட்டி, அடுத்த தடவை வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள்.